அரைக்கால் சுற்று

என் கணவர் வளைகுடா நாட்டில் ஏழு வருடம் மண் அள்ளும் இயந்திரங்களுக்கு மெக்கானிக்காக இருந்தார். ஒரேயடியாக ஊர் திரும்பியபோது மூன்று அட்டைப்பெட்டிகள் கூடவே வந்தன. இரண்டில் போர்வை, சோப்பு, பால் பவுடர், உறவுக்காரர்களுக்குச் சட்டைத்துணி. மூன்றாவதை அவர் யாரையும் தொடவிடவில்லை. பார்க்க வந்தவர்களெல்லாம் கிளம்பிய பிறகு கூடத்தில் உட்கார்ந்து, கயிற்றை அறுக்காமல் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தார். உள்ளே ஒரு டிரக் இருந்தது. பிறந்த குழந்தையின் நீளம். எடையும் ஏறத்தாழ அவ்வளவுதான். நான் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். எனக்கு அப்படித்தான் அளக்கத் தோன்றும். முள்முள்ளாக ரப்பர் சக்கரங்கள், நான்கு மூலையிலும் சுருள்வில், நடுவில் என் கைப்பிடி அளவில் நிஜ என்ஜின். தூரத்தில் நின்று ஓட்ட ஒரு ரிமோட்.

"யாருக்குங்க இது? நம்ம பொண்ணு காலேஜுக்குப் போயாச்சு."

"எனக்குத்தான்" என்றார், என்னைப் பார்க்காமல்.

அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறைகளில் பொட்டல்வெளியில் இந்த வண்டிகளுக்குப் பந்தயம் நடக்குமாம். முதலில் வேடிக்கை பார்க்கப் போயிருக்கிறார். பிறகு வண்டி நின்றுபோனவர்களுக்குச் சரிசெய்து கொடுத்திருக்கிறார். அவர்களில் ஒருவர், இவர் ஊருக்குக் கிளம்புகிறார் என்று தெரிந்ததும் தன் பழைய வண்டியைக் கையில் கொடுத்துவிட்டார். ஏழு வருடம் வாரம் தவறாமல் போனில் பேசியிருக்கிறோம். இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. "சொன்னா சிரிப்பன்னு நெனச்சேன்" என்றார். நான் அப்போதுதான் சிரித்தேன்.

சிரிப்பு ஒரு வாரம்தான் நீடித்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் வைத்து முதல்முறை கிளப்பினார். பிளக்கை பேட்டரியால் சூடாக்கி, அடியில் ஸ்டார்ட்டர் பெட்டியை வைத்து அழுத்தினால் என்ஜின் பிடிக்கும். பிடித்தது. ஆயிரம் குளவிகளை ஒரு டப்பாவில் அடைத்துக் குலுக்கியது போல ஒரு சத்தம். பக்கத்து வீட்டுப் பசு முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, வெண்ணாற்றங்கரையில்தான் நின்றது. அந்த வீட்டு அக்கா மாட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்து, வாசலில் நின்று என்னிடம்தான் கேட்டார்.

"ஏன் தங்கச்சி, உன் வீட்டுக்காரர் அந்த ஊர்ல நல்லாத்தான இருந்தாரு?"

அதன் பிறகு வீட்டுப் பக்கம் கிளப்பக் கூடாது என்று நான் சட்டம் போட்டேன். பூதலூரை ஒட்டி எங்களுக்கு ஆறு மா நிலம், இரண்டு ஏக்கர் போல, இருக்கிறது. அந்த வருடம் சம்பா அறுப்புக்கு முன்னால், நிற்கும் பயிருக்குள் உளுந்து தெளிக்கிற நேரத்தில், ரோட்டோரம் இருக்கும் ஒரு மாவில் மட்டும் தெளிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஊரில் இப்படி யாரும் செய்வதில்லை. உளுந்து தானாக விளைகிற பயிர். பனியைக் குடித்தே வளர்ந்துவிடும். அதையும் வேண்டாம் என்பவனை ஊர் எப்படிப் பார்க்கும்? அறுப்பு முடிந்து தரை இறுகியதும் மண்வெட்டியோடு இறங்கினார். வளைவு, மேடு, பள்ளம், பக்கத்தில் பக்கத்தில் மூன்று சின்னக் கரைகள். அப்போது அவர் ஊர் ஊராக அறுவடை மிஷின்களுக்குப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வேலை முடிந்து வந்து மாலையில் இது.

பக்கத்து வாய்க்காலில் நூறு நாள் வேலைப் பெண்கள் தூர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் நான் அவருக்கு டீ எடுத்துப் போனபோது, அவர்களில் வயதில் மூத்தவர் ஒருவர் வரப்பில் நின்று கேட்டார்.

"தம்பி, என்ன வரப்பு இது? தண்ணியும் நிக்காது, ஆடும் நிக்காது."

"நிக்கறதுக்கு இல்லக்கா. தாண்டறதுக்கு."

வண்டியைக் கிளப்பிக் காட்டினார். மேட்டில் ஏறிப் பறந்து, மூக்கு குத்தி விழுந்து, மல்லாந்து சுற்றியது. பெண்களெல்லாம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. இரண்டாவது தடவை தாண்டச் சொன்னார். மூன்றாவது தடவையும். பிறகு இவர் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கினார்.

"ஏத்தம் சரியாத்தான் இருக்கு. எறக்கத்த செங்குத்தா விட்டுட்டீங்க தம்பி. அதான் மூஞ்சி குத்துது."

இறக்கத்தைச் சரித்து, மண்வெட்டியின் முதுகால் தட்டி, பாதத்தால் மிதித்துக் கொடுத்தார். அடுத்த தடவை வண்டி நான்கு சக்கரத்திலும் இறங்கி ஓடியது. அந்த அம்மா மண்வெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாய்க்காலுக்குப் போனார். இவருக்குத்தான் அன்று முழுக்கத் தாங்கவில்லை. "ஏழு வருஷம் மண்ணுலதான் கெடந்தேன், எனக்குத் தெரியலயே" என்று சாப்பிடும்போதுகூடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மே மாதம் திருச்சியைத் தாண்டி ஒரு பந்தயம் இருப்பதாகச் செய்தி வந்தது. பெங்களூர், கோயம்புத்தூர், சென்னையிலிருந்தெல்லாம் வருவார்களாம். இவர் பெயர் கொடுத்துவிட்டார். அதன் பிறகு எங்கள் சமையலறையில் பாதி அவருடையதாகிவிட்டது.

பழைய என்ஜினின் பிஸ்டன் தேய்ந்துவிட்டதென்று புதிது போட்டார். புது என்ஜினை எடுத்த எடுப்பில் ஓட்டக் கூடாது. எரிபொருளைத் தாராளமாக விட்டு, புகையோடு மெதுவாக இரைய வைத்து, அணைத்து, ஆறவிட்டு, மறுபடி கிளப்ப வேண்டும். ஆறும்போது பிஸ்டன் கீழே நிற்க வேண்டுமாம்; மேலே நின்றால் சிலிண்டரின் வாய் அதைக் கவ்விக்கொள்ளும். கீழே நிற்கிறதா என்று வெளியிலிருந்து தெரிவதற்காக, என்னுடைய நகப்பூச்சை எடுத்து என்ஜினின் சுழல்சக்கரத்தில் ஒரு பொட்டு வைத்தார். எனக்குப் பிடித்த நிறம். கேட்காமல் எடுத்தார்.

சூடு பார்க்க ஒரு கருவி வேண்டும் என்றார். கொரோனா காலத்தில் வாங்கி வைத்திருந்த, நெற்றியில் காட்டிப் பார்க்கும் தெர்மாமீட்டரை எடுத்துக் கொடுத்தேன். என்ஜினில் காட்டியதும் சிவப்பு விளக்கு எரிந்து கத்தியது. "பேஷன்டுக்குக் கடுமையான காய்ச்சல்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாளே இயந்திரங்களுக்கானதை வரவழைத்தார். நூற்றிப் பத்து, நூற்றி இருபது டிகிரி வரை பரவாயில்லை, அதற்கு மேல் போனால் ஆபத்து என்று எனக்கும் பாடம் ஆயிற்று.

நானும் மெல்ல உள்ளே போய்விட்டேன். பல்சக்கரப் பெட்டிக்குள் கெட்டியான சிலிக்கான் எண்ணெயைச் சிந்தாமல் விட அவருக்கு வரவில்லை. ஊசி கழற்றிய சிரிஞ்சில் நான் விட்டேன். எரிபொருள் ரோஸ்மில்க் நிறத்தில் இருந்தது. அதில் மெத்தனால் இருக்கிறது என்று டப்பாவில் படித்தேன். அது கலந்த சாராயத்தைக் குடித்துக் கண் போனவர்கள் எத்தனை பேரை ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன். பூட்டு போட்ட இரும்புப் பெட்டியில் வைத்து, சாவியை நான் வைத்துக்கொண்டேன். கையுறை போடாமல் தொட்டால் கொடுக்க மாட்டேன் என்றேன். அவருக்கு அது தொந்தரவுதான். ஆனாலும் போட்டுக்கொண்டார்.

பந்தயத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு சிக்கல். ஓட்டுபவர் உயரமான மேடையில் நிற்பார். வண்டியில் எரிபொருள் தீரும்போது கீழே 'பிட்' என்கிற இடத்துக்கு ஓட்டி வருவார். அங்கே ஒருவர் அதைப் பிடித்து, டேங்க் மூடியைத் தூக்கி, நிரப்பி, திரும்ப விட வேண்டும். அதற்கு வருவதாகச் சொன்ன நண்பர் அறுவடை மிஷினோடு ஆந்திராப் பக்கம் போய்விட்டார்.

இவர் என்னிடம் கேட்கவில்லை. இரண்டு நாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் நானே சொன்னேன்.

"எத்தன செகண்டுல ஊத்தணும்?"

"நீயா?"

"கத்தற புள்ளய ஒரு கையால அமுக்கிட்டு இன்னொரு கையால ஊசி போடறவ நான். இது என்ன ஓடியா போயிடும்?"

ஓடித்தான் போனது. முதல் நாள் என் கையைத் தட்டிவிட்டுத் துணி துவைக்கும் கல்லில் போய் மோதியது. பிறகு என்ஜினை அணைத்துவிட்டு, கொல்லையில் பலகை போட்டு, பாட்டிலில் தண்ணீர் ஊற்றிப் பழகினேன். அவர் வண்டியை உருட்டிவிடுவார். நான் பிடித்து, மூடியைத் தூக்கி, பாட்டிலைக் கவிழ்த்து அமுக்கி, மூடி, தள்ளிவிட வேண்டும். டூட்டி முடிந்து வந்து தினமும் ஐம்பது தடவை. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எண்ணிக்கொண்டிருந்தார். "நாலு எண்றதுக்குள்ள முடிச்சிட்ட தங்கச்சி" என்று அவர் சொன்ன அன்று இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

வயலில் நிஜமாக ஓட்டிப் பழகிய ஒரு மாலையில்தான் எனக்கு அந்தச் சத்தம் முதலில் கேட்டது. எப்போதும் ஈரமாகப் பொருமுகிற என்ஜின், நீளமான ஓட்டத்தில் வறண்டு கீச்சிட்டது. அவர் ரிமோட் விசையிலிருந்து விரலை எடுத்த பிறகும் இரைச்சல் உடனே அடங்கவில்லை.

"மூச்சு வாங்குதுங்க. சரியில்ல" என்றேன்.

"நல்லா இழுக்குது, அதான் சத்தம். ஒனக்குப் புதுசு."

அடுத்த சுற்றில் பாதியில் நின்றுவிட்டது. பிளக்கை மாற்றினார். ஓடியது, நின்றது. ஒரு மணி நேரம் அதைக் கழற்றி இதைக் கழற்றி, கடைசியில் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். நான் எரிபொருள் குழாயைக் கழற்றித் தரச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏறாதபோது நாங்கள் முதலில் குழாயைத்தான் பார்ப்போம். ஒரு முனையை மடித்துப் பிடித்து, மறுமுனையில் சிரிஞ்சைச் செருகி, வாளித் தண்ணீரில் முக்கிக் காற்றை அழுத்தினேன். நடுவிலிருந்து பொட்டுப் பொட்டாகக் குமிழி வந்தது. கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. அதன் வழியாகக் காற்றையும் சேர்த்துக் குடித்திருக்கிறது. எரிபொருள் குறைந்து காற்று கூடினால் என்ஜின் வேகமாக ஓடும், கூடவே சூடேறி வெந்தும் போகும் என்று அவர்தான் அப்புறம் விளக்கினார்.

குழாயை மாற்றினார். வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தும்போது சொன்னார். "எனக்கு முன்னாடியே ஒனக்குக் கேட்டுடுச்சே."

பந்தயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடியும்போதே பைக்கில் கிளம்பினோம். டிரக்கைத் தக்காளி கிரேட்டில் வைத்து, எங்கள் இருவருக்கும் நடுவில் நான் அணைத்துப் பிடித்துக்கொண்டேன். சாமான்களெல்லாம் என் டூட்டிப் பையில். செங்கிப்பட்டியில் இட்லி. அந்த இடத்தைக் கண்டுபிடித்தபோது வெயில் ஏறிவிட்டது. சரளை கலந்த செம்மண் பொட்டல். எங்கள் வண்டல் மண்ணுக்குச் சம்பந்தமே இல்லை. மற்றவர்கள் கூடாரம், மடக்கு மேஜை, காற்றடிக்கும் கம்ப்ரஸர் என்று வந்திருந்தார்கள். நாங்கள் வேப்ப மரத்தடியில் பெட்ஷீட்டை விரித்தோம்.

பிட்டில் நின்றவர்களில் நான் மட்டும்தான் பெண். சுடிதாருக்கு மேல் ஆஸ்பத்திரிக் கோட், காலில் டூட்டி ஷூ. நடத்துகிறவர்களில் ஒரு தம்பி வந்து மரியாதையாகச் சொன்னார். "மேடம், ஆம்புலன்ஸ் அந்தப் பக்கம் நிக்குது. நீங்க அங்க உக்காரலாம்."

"நான் இந்த வண்டிக்கு வந்திருக்கேன் தம்பி."

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு, எனக்கு வண்டி எண் போட்ட பட்டையைக் கொடுத்தார்.

காலையில் தகுதிச் சுற்றுகள். இரண்டு தடவை கவிழ்ந்தாலும் இறுதிப் போட்டிக்குப் பதினொரு பேரில் ஒருவராக வந்துவிட்டார். இருபது நிமிட ஓட்டம். ஒரு டேங்க் எட்டு நிமிடம் தாங்கும். ஏழாவது நிமிடத்தில் ஒரு தடவை, பதினான்காவதில் ஒரு தடவை நிரப்ப வேண்டும்.

தொடங்குவதற்குச் சற்று முன், பெங்களூர்க்காரர் ஒருவருடைய வண்டி நேர்ப்பாதையில் பறந்ததை இவர் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பெட்ஷீட்டுக்கு வந்து குனிந்து, சின்ன ஸ்க்ரூ டிரைவரால் கார்புரேட்டரில் இருக்கும் நீடிலை வலப்பக்கம் கொஞ்சம் இறுக்கினார். அதை இறுக்கினால் எரிபொருள் குறையும், வேகம் கூடும். எவ்வளவு இறுக்கினார் என்று நான் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

கொடி விழுந்தது. மூன்று நான்கு நிமிடத்தில் எங்கள் வண்டி நான்காவது இடத்துக்கு வந்துவிட்டது. ஏழாவது நிமிடம் கையைத் தூக்கினேன். அவர் மேடையிலிருந்து பார்த்து உள்ளே விட்டார். பிடித்து, நிரப்பி, விட்டேன். ஆனால் என் கைக்குள் இருந்த அந்த இரண்டு மூச்சு நேரத்தில் என்ஜின் அடங்கவே இல்லை. வறண்ட கீச்சு. வெளியே போகும்போது புகையும் இல்லை.

"சத்தம் சரியில்லீங்க!" என்று கத்தினேன். பதினொரு வண்டிகளின் இரைச்சலில் எனக்கே என் குரல் கேட்கவில்லை. அவர் கண் பாதையை விட்டு நகரவில்லை.

அடுத்த ஏழு நிமிடம் போல ஒரு நேரத்தை நான் லேபர் வார்டில்கூடக் கழித்ததில்லை. நேர்ப்பாதையில் வண்டி வரும்போதெல்லாம் காதைக் கொடுத்துக் கேட்டேன். ஒவ்வொரு சுற்றுக்கும் மோசமாகிக்கொண்டே வந்தது. அவர் வண்டியில் அந்த நீடிலை மட்டும் யாரும் தொடக் கூடாது. மகள் ஒருமுறை விளையாட்டாகக் கை வைத்ததற்கே எரிந்து விழுந்தார். நான் அதுவரை தொட்டதில்லை.

பதினான்காவது நிமிடம் வண்டி வந்தது. இடக்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சூட்டுக்கருவியைக் காட்டினேன். நூற்றி நாற்பது. எரிபொருளை நிரப்பினேன். கோட்டுப் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நீடிலை இடப்பக்கம் திருப்பினேன். அரைக்கால் சுற்று. அவர் இறுக்கியது அவ்வளவுதான். எட்டில் ஒரு பங்கு. மேலேயிருந்து அவர் ஏதோ கத்துவது தெரிந்தது. வண்டியை விட்டேன். அதற்குள் இரண்டு வண்டிகள் எங்களைக் கடந்துவிட்டன.

வண்டி முக்கிக்கொண்டு கிளம்பியது. இரண்டு சுற்று கழித்து, பின்னால் மெல்லிய வெண்புகை நூலாக வந்தது. சத்தம் கீழே இறங்கிப் பொருமியது. பழைய வேகம் இல்லை. கடைசி ஐந்து நிமிடத்தில் மூன்று வண்டிகள் பாதையிலேயே நின்றுபோயின. ஆனால் எங்களுக்கு முன்னால் ஓடிய ஐந்தில் ஒன்றுகூட நிற்கவில்லை. ஆறாவதாக முடித்தோம்.

அவர் ஏணியில் இறங்கி நேராக என்னிடம் வந்தார்.

"நீடில தொட்டியா?"

"தொட்டேன்."

"நாலாவதா ஓடிட்டு இருந்தேன்."

"தெரியும்."

"யாரக் கேட்டுத் திருப்புன?"

"யாரயும் கேக்கல. நூத்தி நாப்பது காட்டுச்சு."

வண்டியைத் தூக்கிக்கொண்டு வேப்ப மரத்தடிக்குப் போனார். நான் அங்கேயே நின்றேன். அழுகை வந்தது. அழவில்லை. பக்கத்துப் பிட்டில் இருந்த கோயம்புத்தூர்க்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்துவிட்டு, பரிசளிப்பையெல்லாம் நின்று பார்த்தேன். மரத்தடிக்குப் போக மனமில்லை.

அரை மணி நேரம் இருக்கும். "இங்க வா" என்று கூப்பிட்டார். வீட்டுக்குப் போகும்வரை பொறுக்க முடியாமல் என்ஜினின் தலையைக் கழற்றியிருந்தார். பிளக்கை என் உள்ளங்கையில் வைத்தார். உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிச்சுருள் வெளுத்து, கோணியிருந்தது.

"இன்னும் ரெண்டு நிமிஷம் அப்பிடியே ஓடியிருந்தா உள்ள எல்லாம் போயிருக்கும்."

"பிஸ்டன் எப்பிடி இருக்கு?"

"நல்லா இருக்கு. நீ திருப்புனதால இருக்கு." துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "நான்தான் இறுக்குனேன். அந்தப் பெங்களூர்க்காரர் வண்டியப் பாத்துட்டு."

"பாத்தேன்."

"பாத்தியா? அப்பவே ஏன் சொல்லல?"

"உங்க வண்டின்னு நெனச்சேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வெயிலில் முகம் கறுத்து, மூக்குவரை செம்மண் தூசி படிந்திருந்தது. "அடுத்த தடவ சொல்லு" என்றார். பிறகு, "மேல நின்னா ஒண்ணுமே கேக்க மாட்டேங்குது, தெரியுமா? கீழ நிக்கற ஆளுக்குத்தான் கேக்கும்" என்றார்.

சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். துவாக்குடி தாண்டும்வரை பேசிக்கொண்டே ஓட்டினார். அடுத்த பந்தயத்துக்குச் சரளை மண்ணுக்கு ஏற்ற டயர், முன்பக்கத்துக்குக் கெட்டி எண்ணெய், சத்தம் சரியில்லை என்றால் நான் என்ன அடையாளம் காட்ட வேண்டும், இரண்டு விரல் காட்டினால் என்ன அர்த்தம். எதிர்க்காற்றில் பாதிதான் என் காதில் விழுந்தது. எல்லாவற்றுக்கும் "சரிங்க" என்று சொல்லிக்கொண்டு, கிரேட்டைப் பிடித்திருந்த கையை மாற்றிக்கொண்டேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு எனக்கு டூட்டி. கையில் அந்த எரிபொருள் வாடை போக எத்தனை தடவை சோப்பு போட வேண்டியிருக்குமோ என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.